கொழும்பு டிரங்குப் பெட்டிக்கு அடித்தகடு மாற்றிய பதிவு

டிரங்குப் பெட்டியில் துரு முதலில் தின்பது ஓரத்தைத்தான். சுவர்த் தகடும் அடித்தகடும் ஒன்றையொன்று கவ்வி மடிந்திருக்கும் இடம் அது. அந்த மடிப்புக்குள் நுழைந்த ஈரம் எத்தனை வெயிலில் வைத்தாலும் லேசில் காயாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்தபோது, எங்கள் வீட்டுப் பட்டாசாலையிலும் தண்ணீர் நின்றது. தரையில் இருந்த பெட்டி அதில் ஊறியது. வடிந்த பிறகு துணிமணிகளைக் காயவைத்தோம். பெட்டியையும் கழுவித் தட்டட்டியில் கவிழ்த்து வைத்தோம். பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மடிப்புக்குள் போன வண்டல் அங்கேயே தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. பின்னொரு நாள் பெட்டியை நகர்த்தியபோது தரையில் செம்மண் நிறத்தில் நீள்சதுரமாக ஒரு கோடு பதிந்திருந்தது. தூக்கிப் பார்த்தால், அடித்தகடு மூன்று பக்கமும் விட்டுப்போய் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கியது.

தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்த காலத்துப் பெட்டி இது. நீளம் 30 அங்குலம், அகலம் 18, உயரம் 12. சிலோனுக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஏராளம். அந்த வீடுகளில் இப்படி ஒரு பெட்டியாவது இருக்கும். தூத்துக்குடியில் கப்பலேறியவர்கள் உண்டு. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, ரயிலில் தனுஷ்கோடி வரை போய் அங்கிருந்து கடலைக் கடந்தவர்களும் உண்டு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. பயணம் நின்ற பிறகு பெட்டிகள் வீட்டோடு தங்கி, பட்டுப்புடவைக்கும் பத்திரத்துக்கும் காவலாயின.

எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவின் பொருள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது மிக நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட பொருள் என்பது. பயணப் பெட்டிகளைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. பெட்டியை யார் தூக்குகிறார், எந்த இடுக்கில் தள்ளுகிறார் என்பதுதான் அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. உள்ளே என்ன வைக்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான். இந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது.

வேலையைக் கைப்பிடியிலிருந்து தொடங்கினேன். பெட்டியின் இரண்டு குறுகிய பக்கங்களிலும் ஆளுக்கு ஒன்றாகப் பிடிக்க இரண்டு கைப்பிடிகள். முன்பக்கத்தில் கைப்பிடி கிடையாது. ஏனென்றால் இந்தப் பெட்டியை ஒற்றைக் கையில் தொங்கவிட்டு நடக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவே இல்லை. இரண்டு பேர் தூக்கி ஒருவர் தலையில் ஏற்றுவார்கள். தலையில் சும்மாடு இருக்கும். அதற்காகத்தான் அடிப்பக்கம் முழுவதும் தட்டை. வலப்பக்கக் கைப்பிடி பழசு, விரல் தடிமன் இரும்புக் கம்பி. அதை மேலே தூக்கினால் படுக்கைவாட்டம் வரை வந்து நின்றுவிடும், அதற்கு மேல் மடங்காது. கம்பியின் இரு நுனியிலும் சிறு தோள் போலத் தட்டி விட்டிருக்கிறார்கள். அந்தத் தோள் பட்டைத் தகட்டில் முட்டி நிற்கிறது. இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் பாரம் ஏறியதும் கம்பி பெட்டிச் சுவரோடு படிந்து, தூக்குபவரின் விரல் கணுக்களை நசுக்கிவிடும். செய்தவருக்குச் சுமப்பவரின் கை நினைவில் இருந்திருக்கிறது. இந்த ஒரு தோளுக்காகவே அந்தப் பெயர் தெரியாத கைவினைஞரைக் கும்பிடத் தோன்றியது.

இடப்பக்கக் கைப்பிடி இடையில் எப்போதோ மாற்றப்பட்டது. அதற்குப் பாப் ரிவிட் (தகடுகளை இணைக்கும் ஒரு வகை ஆணி) அடித்திருந்தார்கள். பாப் ரிவிட் உள்ளே குழலாக இருக்கும். உள்பக்கம் அது விரியும் அளவும் குறைவு. மெல்லிய தகட்டில் அதை நம்பிப் பாரம் தூக்கினால் ரிவிட் உடையாது, தகடு கிழியும். இங்கும் அதுதான் நடந்திருந்தது: துளைகள் நீள்வட்டமாகி, தகடு வெளியே பிதுங்கியிருந்தது. வலப்பக்கத்தில் பழைய வேலைக்காரர் சுவருக்கு உள்ளே ஒரு பின்தகடு கொடுத்து, இரண்டையும் சேர்த்துத் திண்ணிய இரும்பு ரிவிட்டால் அடித்திருந்தார். பாரம் நான்கு புள்ளிகளில் குவியாமல் உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். இடப்பக்கத்துக்கும் அதே அளவில் 2 மி.மீ. தகட்டில் ஒரு பின்தகடு வெட்டிக்கொண்டேன்.

அடித்தகட்டுக்கு டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தகர வேலை செய்யும் அண்ணாச்சியிடம் போனேன். பெட்டியைக் கவிழ்த்து, சுத்தியலின் காம்பால் சுவரைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீரென்றது. அடியிலிருந்து ஓர் அங்குலத்துக்குக் கீழே சத்தம் செத்துப்போனது. அங்கே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, “இதற்கு மேலே இரும்பு, கீழே மண் தம்பி. கோட்டோடு வெட்டி எடுத்துவிடுங்கள்” என்றார்.

அடுத்த கேள்வி, புதிய அடித்தகட்டின் விளிம்பைச் சுவருக்கு வெளியே வைத்து அடிப்பதா, உள்ளே வைத்து அடிப்பதா என்பது. வெளியே வைத்தால் ரிவிட் அடிப்பது சுலபம், பார்வைக்கும் பலமாகத் தெரியும். அண்ணாச்சி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். வெளியே வைத்தால் இணைப்பின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும்; சுவரில் வழியும் ஒவ்வொரு சொட்டும் அதற்குள் இறங்கும். உள்ளே வைத்தால் சுவர்த்தகடு விளிம்பை மூடித் தொங்கும். தண்ணீர் வெளியோடு வழிந்து கீழே போய்விடும். ஓடு வேய்வதில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவது போலத்தான். ஆகவே புதிய அடித்தகட்டை நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் மேலே மடித்துத் தாம்பாளம் போல ஆக்கி, பெட்டிக்குள் இறக்குவது என்று முடிவாயிற்று. தடிமன் 22 கேஜ், அதாவது 0.7 மி.மீ. அளவு, பழைய தகடும் அதேதான். ஜி.ஐ. தகடாக, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடாக எடுத்து, அங்கேயே மடித்து வாங்கிக்கொண்டேன். தகடு மடிக்கும் வேலை வீட்டில் நேராக வராது. அதற்குரிய மடிப்புக் கருவியில்தான் செய்ய வேண்டும்.

பெயிண்டைச் சுரண்டும் முன் ஓர் எச்சரிக்கை. பழைய பெயிண்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சோடு போகும். தண்ணீர் தொட்டு, நீரில் தேய்க்கும் எமரித் தாளால், முகமூடி போட்டுக்கொண்டு, குழந்தைகள் வராத இடத்தில் செய்யுங்கள். கழிவையும் செடி கொடிப் பக்கம் ஊற்றக் கூடாது.

மேலே இருந்தது பச்சை. அதற்கு அடியில் ஒரு காவி. அதற்கும் அடியில் பளபளப்பான கறுப்பு. முன்பக்கத்தில் பச்சையும் காவியும் விலகி வரும்போது கறுப்பின் மேல் வெள்ளையில் எழுத்து தெரிந்தது: தாத்தாவின் தலைப்பெழுத்துகள், அதன் கீழ் ஆங்கிலத்தில் ‘டூட்டிகோரின்’. தூரிகை பிடித்துப் பழகிய கை. எழுத்தின் முனைகளில் சிறு வால் விட்டிருந்தது. அந்தப் பகுதியை மட்டும் 600 நம்பர் தாளால், விரல் நுனியில் சுற்றி, ஓரம் ஓரமாகத் தேய்த்தேன். மற்ற இடங்களில் கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியும் வரை தேய்த்தாயிற்று. மூலைகளில் பித்தளைக் காப்பு. அதற்குப் புளிதான், வேறெதுவும் வேண்டாம். துருப்பிடித்து அசையாமல் இருந்த கீல்களுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தால் போதும். அடித்து அசைக்க முயன்றால் கீல் காது உடைந்துவிடும்.

தேய்க்கும்போது கையில் பட்ட இன்னொரு விஷயம் மூடியின் ஓரம். தகட்டின் விளிம்பை அப்படியே விட்டால் கையை அறுக்கும், தட்டினால் நெளியும். அதனால் விளிம்புக்குள் ஒரு கம்பியை வைத்துத் தகட்டை அதைச் சுற்றிச் சுருட்டியிருக்கிறார்கள். மூடியின் மேல்தளத்தில் இரண்டு வரிகள் புடைப்பாக ஓடுகின்றன. அலங்காரம் என்றுதான் நினைப்போம். தட்டையான தகட்டை நடுவில் அழுத்தினால் ‘டப்’ என்று உள்வாங்கும்; ஒரு வரி புடைத்துவிட்டால் அதே தகடு விறைத்து நிற்கும். எடை கூடாமல் பலம் சேர்க்கும் வழி அது. ஜெர்மனியின் ரிமோவா நிறுவனம் 1950-இல் அலுமினியப் பெட்டியில் வரிசை வரிசையாக வரிகளைப் போட்டு, அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. நம் ஊர்த் தகரப் பெட்டியில் பெயர் சொல்லாமல் இருப்பதும் அதே நுட்பம்தான்.

மூடி தட்டையாக இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பாவில் குதிரை வண்டிக் காலத்துப் பெட்டிகளுக்கு மூடி வில்லாக வளைந்திருந்தது. வண்டிக்கு மேலே கட்டினால் மழை வழிந்தோட வேண்டும். ரயிலும் நீராவிக் கப்பலும் வந்ததும் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருந்தது. பாரிஸில் 1854-இல் கடை தொடங்கிய லூயி வித்தோன், 1858-இல் தட்டை மூடியோடு, மேலே நீர் புகாத கித்தான் ஒட்டிய பெட்டியைக் கொண்டுவந்தார். இன்று அந்தப் பெயர் செல்வச் செழிப்பின் குறி. அன்று அது அடுக்குவதற்கான தீர்வு. கப்பலில் கூடவே அறைக்குள் வைத்துக்கொள்ளும் பெட்டிகளின் உயரம் 13, 14 அங்குலத்தைத் தாண்டாது. காரணம், படுக்கைக்குக் கீழே உள்ள இடைவெளி. பயணத்தின்போது தேவைப்படாத பெட்டிக்கு அப்படியே எழுதிய சீட்டை ஒட்டி அடிக்கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள்.

நம் நாட்டில் தோலும் மரமும் பின்வாங்கித் தகரம் வென்றதற்கு மழைக்காலத்துப் பூஞ்சணமும் கறையானும் கரப்பானும் முக்கியக் காரணங்கள். அதற்கும் முன்னால் பனைநாட்டுக்காரர்களான நமக்கு ஓலைப்பெட்டியும் நார்ப்பெட்டியும் இருந்தன. மூடி பெட்டியின் மேல் இறங்கி உட்காரும் ஓலைப்பெட்டியில் பொருள் கூடினால் மூடி சற்று மேலே நிற்கும், குறைந்தால் கீழே இறங்கும். விரிந்து கொடுக்கும் சூட்கேஸ் என்று கடையில் விற்பதன் தத்துவம் அதில் இருக்கிறது. கருப்பட்டிக்கும் சீர்ப் பலகாரத்துக்கும் அதற்கு நிகர் கிடையாது. தலைச்சுமையில் தனியாக ஓர் எடையாகவே தெரியாது. ஆனால் அதன்மேல் இன்னொரு பெட்டியை ஏற்ற முடியாது. கப்பல் கிடங்குக்கு அது ஆகாது.

இனி ரிவிட் வேலை. பழைய ரிவிட்களின் தலையை உளியால் சீவி, பஞ்ச் எனும் இரும்புக் குச்சியால் தட்டி வெளியே தள்ளினேன். புதிய ரிவிட் 4 மி.மீ. விட்டமுள்ள திண்ணிய இரும்பு. நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: இணைக்கும் தகடுகளின் மொத்தத் தடிமனோடு, ரிவிட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு சேர்க்க வேண்டும். இரண்டு தகடு 1.4, அதோடு 6, ஆக 7.4 மி.மீ. கடையில் 8 மி.மீ. கிடைக்கும், அது சரி. நீளம் கூடினால் அடிக்கும்போது சாய்ந்து மடியும்; குறைந்தால் உருண்டைத் தலை முழுதாக வராது. ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று என்று குறித்துக்கொண்டு, முதலில் நான்கு மூலைகளிலும் அடித்து, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி அடித்தேன். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால் தகடு தள்ளிக்கொண்டே போய்க் கடைசி மூலையில் புடைக்கும்.

தகடுகளைச் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் இந்தப் பழுதுபார்ப்பின் உயிர். ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதிக்குப் பிறகு பிரஷ் எட்டாது. எனவே சுவரின் உள்பக்கத்துக்கு ரெட் ஆக்சைடு பிரைமரும், ஜி.ஐ. விளிம்புக்கு எட்ச் பிரைமரும் (உலோகத்தை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) பூசி, அது காய்ந்ததும் இரண்டிலும் இன்னொரு கை ரெட் ஆக்சைடு தடவி, ஈரம் இருக்கும்போதே சேர்த்து ரிவிட் அடித்தேன். ஓரங்களில் சிவப்பாகப் பிதுங்கி வந்தால் இணைப்புக்குள் இடைவெளியே இல்லை என்று பொருள்; அதைத் துணியால் துடைத்துவிடலாம். ஜி.ஐ. தகட்டின் மேல் நேராக எனாமல் பெயிண்ட் அடிக்கிறவர்கள் பலர். எனாமலில் உள்ள எண்ணெய்ப் பொருள் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு போல ஒரு படலமாகிவிடும். சில காலத்தில் பெயிண்ட் தோல் தோலாக உரியும். எட்ச் பிரைமர் அதைத் தடுக்கும்.

ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே நான் சுத்தியல்; உள்ளே ரிவிட் தலைக்குக் கனமான இரும்புத் துண்டை அண்டக்கொடுத்துப் பிடிக்க ஓர் ஆள். சென்னையில் படிக்கும் தங்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். தோள் வரை பெட்டிக்குள் கையை விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இன்னும் எத்தனை மாமா?” என்று கேட்டபடியே கடைசி ரிவிட் வரை பிடித்தான். கூலியாக அவனுடைய டிராலிப் பெட்டியைச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெட்டியின் வெளி ஓடும் ஜிப்பும் நன்றாக இருந்தன. சக்கரங்களின் மேல் இருந்த மிருதுவான வளையம் மட்டும் பிய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அது பாலியூரித்தேன். அதில் பல வகைகள் காற்றின் ஈரத்தைக் குடித்து மெல்ல மெல்லச் சிதையும். ஓடவிடாமல் பரணில் வைத்திருந்தாலும் சிதையும். சக்கர அச்சில் திருகாணி கிடையாது, ரிவிட் போல அடித்து மூடிய ஊசி. சக்கரத்துக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே ரம்பத் தகட்டை மட்டும் கையில் பிடித்து நுழைத்து அறுக்க வேண்டும். கூட்டின் சுவரில் டேப் ஒட்டிக்கொண்டால் கீறல் விழாது. புதிய சக்கரத்துக்கு மூன்று அளவுகள்: விட்டம், அகலம், அச்சுத் துளை. இதற்கு 50, 18, 6 மி.மீ. சக்கரம் கூட்டின் உச்சியில் உரசாமல் இரண்டு மூன்று மி.மீ. இடம் இருக்க வேண்டும். அச்சுக்கு ஆலன் சாவியால் முடுக்கும் திருகாணி வைத்துவிட்டேன். அடுத்த முறை ரம்பம் வேண்டியிராது.

சக்கரம் என்ற எண்ணம் பெட்டிக்கு இவ்வளவு தாமதமாக வந்ததுதான் ஆச்சரியம். அமெரிக்காவில் ஒரு பெட்டி நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்னார்ட் சாடோ, 1970-இல் விமான நிலையத்தில் இரண்டு கனத்த சூட்கேஸ்களோடு அவதிப்படும்போது, ஒரு தொழிலாளி கனமான எந்திரத்தைச் சக்கரப் பலகையில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தார். 1972-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. படுத்த சூட்கேஸுக்கு நான்கு சின்னச் சக்கரமும் இழுக்க ஒரு வாரும், அவ்வளவுதான். பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீண்டு மடங்கும் கைப்பிடியும் வைத்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி, ஆண்டு 1987. போர்ட்டர் தூக்கிய காலம் வரை பெட்டியின் எடை பயணியின் தோளுக்குத் தெரியவில்லை. டென்வரில் 1910-இல் பெட்டித் தொழில் தொடங்கிய ஜெஸ்ஸி ஷ்வேடர், தன் பெட்டியின் மேல் பலகை போட்டுத் தந்தையையும் சகோதரர்களையும் ஏற்றி நிறுத்திப் படமெடுத்து விளம்பரம் செய்தார். சாம்சனைட் ஆக வளர்ந்தது அந்த நிறுவனம்தான். அன்று விலைபோனது உறுதி. தூக்குவது தன் கை என்றான பிறகுதான் எடையைப் பற்றிய கவலை வந்தது. என் கருத்தில் நம் தெருக்களுக்கு இரண்டு சக்கரப் பெட்டியே ஏற்றது. சிமெண்ட் கல் பாவிய நடைபாதையில் நான்கு சக்கரப் பெட்டியின் வெளியே நீட்டிய சக்கரங்கள் இடுக்கில் மாட்டி முறியும். இரண்டு சக்கரம் உடலுக்குள் பாதி புதைந்து பத்திரமாக இருக்கும்.

டிரங்குப் பெட்டிக்குத் திரும்புவோம். வெளியே இரண்டு கை கறுப்பு எனாமல். தாத்தாவின் எழுத்துகளைச் சுற்றி மெல்லிய தூரிகையால் ஒதுக்கி அடித்தேன், எழுத்தைத் தொடவில்லை. உள்ளே வெள்ளை, துரு எட்டிப் பார்த்தால் உடனே தெரியும். வாசனை போகும் வரை மூடியைத் திறந்து தார்சாவில் வைத்திருந்து, பிறகு பருத்தித் துணி விரித்து, வசம்பும் வேப்பிலையும் போட்டாயிற்று. நாதாங்கிக்குத் திண்டுக்கல் பூட்டு.

வெறும் பெட்டியின் எடை பத்துக் கிலோவை நெருங்குகிறது. உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் பொதுவான வரம்பு. மீதிக்கு இரண்டு வேட்டி சட்டை வைக்கலாம். ரயிலில் படுக்கை வகுப்புப் பயணிக்கு 40 கிலோ வரை இலவசம். ஆனால் ரயில் பெட்டிக்குள் கொண்டுபோகும் டிரங்கின் உச்ச அளவு 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரம் என்பது விதி. கப்பல் படுக்கைக்குக் கீழே இருந்த அதே கணக்கு இங்கும். 12 அங்குலம் என்பது 30 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இன்று இது சாமான் ஏற்றும் பிரேக் வேனில்தான் போக முடியும்.

கடைசியாகச் சோதனை. 25 கிலோ அரிசி மூட்டையும், மேலே புத்தகக் கட்டுகளுமாக மொத்தம் 40 கிலோவுக்கு நிரப்பி, ஒரு பக்கம் மருமகனும் மறுபக்கம் நானுமாகத் தூக்கிப் பட்டாசாலையிலிருந்து வாசல் வரை போய் வந்தோம். இடக் கைப்பிடி பின்தகட்டோடு அசையாமல் நின்றது. அடித்தகடு நடுவில் தொய்யவில்லை. இப்போது பெட்டி இரண்டு வரிசைச் செங்கல் மேல் இருக்கிறது, அடியில் காற்றோடும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் அடி இணைப்பை ஒரு முறை தட்டிப் பார்த்தால் போதும். ஒரு வேலை மட்டும் பாக்கி: இடப்பக்கக் கொண்டியின் பித்தளை நாக்கு வளைந்திருக்கிறது. நிமிர்த்தினால் முறிந்துவிடும் போலத் தெரிகிறது. எடைக்கு வரும் பழைய டிரங்குகளில் அதே அளவு கொண்டி கிடைத்தால் எடுத்து வைப்பதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.